நன்னாரி சர்பத், ஊறுகாய்க்குச் சோடியம் பென்சோயேட்: அளவு, சேர்க்கும் முறை, சட்டம்

பங்குனி பிறந்தால் மதுரையில் நன்னாரி சர்பத் போடும் வேலை சூடு பிடித்துவிடும். ஜிகர்தண்டா கடைகளுக்கும் சித்திரைத் திருவிழாப் பந்தல்களுக்கும் கேன் கேனாகப் போகும். அதே மாதங்களில்தான் மாவடுவும் எலுமிச்சை ஊறுகாயும். இவற்றைப் போடுகிற பலரிடம், சரக்கு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் பொட்டலம் ஒன்று இருக்கும். எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கிலோவுக்கு ஒரு கிராம்."

அந்த அளவு இந்திய விதிப்படி சர்பத்துக்கே அதிகம். ஊறுகாய்க்கு அனுமதித்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அத்தனை போட்டும் பாட்டில் மூடி "டப்" என்று தெறிக்கிறதென்றால், பொடியில் குற்றமில்லை. சரக்கில் புளிப்பு போதவில்லை.

புளிப்பு இல்லாமல் இந்தப் பொடி வேலை செய்யாது

சோடியம் பென்சோயேட் (உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச எண் வரிசையில் ஐஎன்எஸ் 211) ஓர் உப்பு. புளிப்புள்ள திரவத்தில் கரையும்போது பென்சாயிக் அமிலமாக (ஐஎன்எஸ் 210) மாறுகிறது. மின்னூட்டம் இல்லாத அந்த அமில மூலக்கூறுதான் ஈஸ்ட், பூஞ்சை செல்களின் சவ்வைக் கடந்து உள்ளே போய் அவற்றை முடக்கும். எவ்வளவு மாறும் என்பதைப் பிஹெச் தீர்மானிக்கிறது. பிஹெச் என்பது புளிப்பை அளக்கும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பிஹெச் 3 என்றால் போட்டதில் 94 சதவீதம் வேலை செய்யும் வடிவில் இருக்கும். பிஹெச் 4இல் சுமார் 60. பிஹெச் 4.5இல் மூன்றில் ஒரு பங்கு. பிஹெச் 5இல் 14 சதவீதம்தான். பிஹெச் 6இல் 2 சதவீதம்கூடத் தேறாது.

எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ சேர்க்காத நன்னாரிக் கஷாயத்தில் புளிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதில் கொட்டும் பென்சோயேட்டில் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கும். ஆய்வகத்தில் பரிசோதித்தால் மட்டும் முழு அளவும் கணக்கில் வரும். சரக்கும் கெடும், விதியும் மீறப்படும்.

இன்னொன்று, பென்சோயேட் முக்கியமாக அடக்குவது ஈஸ்டையும் பூஞ்சையையும்தான். பாக்டீரியாவிடம் அதன் ஆட்டம் குறைவு. இட்லி மாவு புளிக்காமல் இருக்க இதைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாவைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் பாக்டீரியாவுக்கு. அதற்குக் குளிர்பெட்டிதான் மருந்து.

சட்டம் எதை எண்ணுகிறது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் கீழ் வந்த 2011 விதிமுறைகள் பதப்பொருள்களை இரண்டு வகுப்பாகப் பிரிக்கின்றன. உப்பு, சர்க்கரை, வினிகர், மசாலா, தேன், சமையல் எண்ணெய் ஆகியவை முதல் வகுப்பு. இவற்றுக்குப் பொதுவாக உச்சவரம்பு கிடையாது. பென்சோயேட், சல்பைட், சார்பேட் போன்றவை இரண்டாம் வகுப்பு. எந்தப் பொருளில் எவ்வளவு என்று பட்டியலில் இருந்தால் மட்டுமே சேர்க்கலாம். பட்டியலில் இல்லாத பொருளில் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக் கூடாது. நன்னாரி சிரப்பில் அனுமதி இருக்கிறது என்பதற்காக அதே ஜிகர்தண்டாவின் பாலிலும் போடலாம் என்று ஆகாது.

2011 விதிமுறைகளின்படி ஊறுகாய்க்கு வரம்பு 250 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 250 மில்லிகிராம். சிரப், சர்பத், ஸ்குவாஷ் வகைகளுக்கு 600. தக்காளி சாஸுக்கு 750. உடனே குடிக்கும் பழச்சாறு பானங்களுக்கு 120. பின்னர் வந்த திருத்தங்கள் உணவு வகைகளை எண் போட்டுப் புதிதாக அடுக்கியிருக்கின்றன. அதனால் லேபிள் அச்சடிப்பதற்கு முன் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) தளத்தில் உள்ள நடப்புத் தொகுப்பில் உங்கள் பொருளின் வகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இந்த எண்கள் எல்லாம் பென்சாயிக் அமிலமாகக் கணக்கிட்டவை. நாம் போடுவது அதன் சோடியம் உப்பு, எடை கொஞ்சம் கூடுதல். வரம்பை 1.18ஆல் பெருக்கினால் பொடியின் எடை கிடைக்கும். சர்பத்துக்குக் கிலோவுக்கு 708 மில்லிகிராம் பொடி, ஊறுகாய்க்கு 295. "கிலோவுக்கு ஒரு கிராம்" என்பது சுமார் 847 பிபிஎம் பென்சாயிக் அமிலம். அமெரிக்காவில் 0.1 சதவீதம் வரை போகலாம் என்ற விதி உண்டு. யூடியூபில் பார்த்த அளவு அங்கிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். மதுரையில் விற்கும் பாட்டிலுக்கு அது செல்லாது.

ஒரே பொருளில் இரண்டாம் வகுப்புப் பதப்பொருள் இரண்டைச் சேர்ப்பதும் பொதுவாகத் தடை. பட்டியலில் "இது அல்லது அது" என்று இரண்டுக்கும் இடம் கொடுத்திருந்தால் விகிதம் குறைத்துச் சேர்க்கலாம். ஸ்குவாஷில் பென்சோயேட் 600, சல்பர் டை ஆக்சைடு (சல்பைட்டை இப்படித்தான் கணக்கிடுவார்கள்) 350 என்றால், பாதிப் பாதியாக 300ம் 175ம்தான் போட முடியும். இரண்டையும் முழு அளவில் போட்டால் இரட்டை மீறல்.

பொடி வாங்கும்போது

துரு தடுப்பதற்கும் சோடியம் பென்சோயேட் விற்கிறது. கெமிக்கல் கடையில் மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டிக் கொடுக்கும் பொட்டலம் எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது. உணவுத்தரம் என்று அச்சிட்ட, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள சீல் பாக்கெட்டையே வாங்குங்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். 10 கிலோ சர்பத்துக்கு 6 கிராம்தான் செலவு என்பதால் 100 கிராம் பாக்கெட்டே பல அடுப்புக்கு வரும். மலிவாகக் கிடைக்கிறதென்று கிலோக்கணக்கில் வாங்கி ஈரத்தில் கட்டிபட விடுவதில் லாபமில்லை.

பாக்கெட்டில் ஐஎன்எஸ் 224 என்று போட்டிருந்தால் அது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட், கடைக்காரர்கள் கேஎம்எஸ் என்பார்கள். இரண்டும் வெள்ளைப் பொடிதான். கேஎம்எஸ்ஸைத் திறந்தால் தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறும், நிறத்தையும் வெளுக்கும். எலுமிச்சை ஸ்குவாஷுக்கு அது பொருந்தும். நன்னாரி, திராட்சை போன்று நிறம் நிற்க வேண்டியவற்றுக்குப் பென்சோயேட்.

10 கிலோ நன்னாரி சிரப்: படிப்படியாக

தேவையானவை: காய்ந்த நன்னாரி வேர் 250 கிராம், சர்க்கரை 6.7 கிலோ, சிட்ரிக் அமிலம் 30 கிராம், சோடியம் பென்சோயேட் 5.9 கிராம். கடைசி எண் 500 பிபிஎம்முக்குச் சமம். 600ஐத் தொட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தராசுப் பிழை, கொதியில் வற்றும் நீர், ஆய்வகப் பிழை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

தண்ணீரில் தொடங்குவோம். மதுரையைச் சுற்றி போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். அதில் இருக்கும் பைகார்பனேட் சிட்ரிக் அமிலத்தைத் தின்றுவிடும். அதே 30 கிராம் போட்டும் பிஹெச் இறங்காது. ஆர்ஓ தண்ணீரே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேரைக் கழுவி, இடித்து, நடுவில் உள்ள நரம்புக்கட்டையை நீக்குங்கள். வாசனை மேல்தோலில்தான் இருக்கிறது. நாலரை லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். வேரைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் தெரு முழுக்க மணக்கும், சிரப்பில் மணம் இருக்காது. அந்த மணத்தைத் தரும் மூலப்பொருள் ஆவியாகக்கூடியது. காலையில் துணியில் வடிகட்டி, தெளியவிட்டு, மண்டியை விட்டு மூன்றரை லிட்டர் எடுங்கள்.

வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்து வையுங்கள். பாத்திரம் எவர்சில்வர்தான். பித்தளையும் செம்பும் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. சாறையும் சர்க்கரையையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அழுக்கு நுரையை எடுத்து, உள்ளடக்கம் 9.9 கிலோ ஆனதும் அடுப்பை அணையுங்கள். எடை பார்ப்பதுதான் நம்பகமான பதம். கம்பிப் பதம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதைத்தான் சொல்வோம். ரிஃப்ராக்டோமீட்டர் (சர்க்கரையின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் ஆறிய சொட்டில் 66 முதல் 68 பிரிக்ஸ், அதாவது சர்க்கரைச் சதவீதம், காட்ட வேண்டும். சர்பத்துக்கு விதி கேட்பது குறைந்தது 65. அதற்குக் கீழே போனால் ஈஸ்டுக்கு விருந்து.

இப்போது பென்சோயேட். 1 கிராம் படியுள்ள சமையலறைத் தராசில் 5.9 கிராம் நிறுக்க முடியாது. 5 என்றும் 7 என்றும் காட்டும். 0.01 கிராம் காட்டும் சின்னப் பாக்கெட் தராசு தேவை. டீஸ்பூன் கணக்கே வேண்டாம், தூளும் குருணையும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை வரும். அடிக்கடி போடுகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: 100 கிராம் பொடியைக் கரைத்து மொத்தம் 1 லிட்டராக்கி, பெயரும் தேதியும் எழுதிய பாட்டிலில் வையுங்கள். அதில் 10 மில்லி என்பது 1 கிராம். 59 மில்லியை அளவுக்குழாயில் எடுத்தால் வேலை முடிந்தது. ஒரு வாரத்துக்கு மேல் வைக்காமல் புதிதாகக் கரையுங்கள். பிள்ளைகள் கை படாத இடத்தில் இருக்கட்டும்.

வரிசை முக்கியம். முதலில் பென்சோயேட் கரைசல், ஐந்து நிமிடம் கிளறல், அதன் பிறகே 60 மில்லி வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலம். மாற்றிச் செய்தாலோ, புளித்த சிரப்பில் பொடியை அப்படியே தூவினாலோ, விழுந்த இடத்தில் பென்சாயிக் அமிலம் வெள்ளைச் செதிலாகத் திரியும். பென்சோயேட் தண்ணீரில் தாராளமாகக் கரையும். பென்சாயிக் அமிலமோ சாதாரண வெப்பத்தில் லிட்டருக்கு மூன்றரை கிராம்கூடக் கரையாது. கெட்டியான சிரப்பில் அந்தச் செதில் சீக்கிரம் கலையவும் கலையாது. ஒரு பாட்டிலில் எல்லாம், இன்னொன்றில் ஒன்றுமில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

பிஹெச் பாருங்கள். கெட்டியான சிரப்பில் மீட்டரை நேராக வைத்தால் தப்பாகக் காட்டும். ஒரு பங்கு சிரப்புக்கு ஒரு பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து, பிஹெச் 4.0, 7.0 என்று குறித்து விற்கும் திரவங்களில் சரிபார்த்த பேனா மீட்டரால் பாருங்கள். 3.5க்குள் இருந்தால் நிம்மதி. கூடினால் 5 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி மறுபடி பாருங்கள். எந்த நிலையிலும் பென்சோயேட்டைக் கூட்டாதீர்கள்.

கண்ணாடிப் பாட்டில் என்றால் 85 டிகிரியில் ஊற்றி, மூடி, மூன்று நிமிடம் கவிழ்த்து வையுங்கள். மூடியின் உட்புறமும் கழுத்தும் அந்தச் சூட்டில் சுத்தமாகும். பெட் (பிளாஸ்டிக்) பாட்டில் அந்தச் சூட்டில் சுருங்கிவிடும். 60 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு ஊற்றி, ஆவி முழுக்கப் போனபின் மூடுங்கள். சுடச்சுட ஊற்றி மூடினால் ஆவி மூடியில் நீராகி மேலே மெல்லிய தண்ணீர்ப் படலமாக நிற்கும். கீழே 67 பிரிக்ஸ், மேலே வெறும் சர்க்கரைத் தண்ணீர். பூஞ்சை முதலில் கழுத்தில் பிடிப்பது இதனால்தான்.

எலுமிச்சைச் சாறு, வெயில், பென்சீன்

பென்சோயேட்டும் வைட்டமின் சியும் ஒன்றாக இருக்கும் புளிப்புப் பானத்தில் மிக நுண்ணிய அளவில் பென்சீன் உருவாகலாம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. செம்பு, இரும்பு அயனிகள் அந்த வினையைக் கிளப்பிவிடும், வெப்பமும் வெளிச்சமும் வேகப்படுத்தும். பித்தளை அண்டா வேண்டாம் என்றது இதற்காக. நன்னாரி சிரப்பில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாட்டிலில் அடைக்காமல் சிட்ரிக் அமிலம் போடச் சொல்வதும் இதற்காகவே. குடிக்கும் நேரத்தில் டம்ளரில் எலுமிச்சை பிழிவதில் பிரச்சினை இல்லை, வினை நடக்க நேரம் கிடைப்பதில்லை. எலுமிச்சை ஸ்குவாஷ் போடுகிறவர்கள் பென்சோயேட்டை விட்டு கேஎம்எஸ் பக்கம் போவதே நல்லது. எதுவானாலும், அழகுக்காகக் கடை முகப்பில் சித்திரை வெயிலில் பாட்டிலை அடுக்குவதை விடுங்கள்.

உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பென்சாயிக் அமிலம் கல்லீரலில் கிளைசினோடு சேர்ந்து ஹிப்யூரிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் நாளொன்றுக்கு உடல் எடைக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவையே வைத்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2021இல் அதை 20 ஆக உயர்த்தியது. கடுமையான 5ஐயே எடுத்துக்கொள்வோம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளுக்கு 75 மில்லிகிராம். ஒரு டம்ளர் சர்பத்தில் 40 கிராம் சிரப் என்றால் 500 பிபிஎம்மில் 20 மில்லிகிராம் போகும். "கிலோவுக்கு ஒரு கிராம்" சிரப் என்றால் 34. திருவிழா அன்று இரண்டு டம்ளர் குடித்தாலே 68, அதன் மேல் கலர் சோடாவும் தக்காளி சாஸும் வேறு.

ஊறுகாய்: போட வேண்டுமா என்பதே முதல் கேள்வி

எலுமிச்சை ஊறுகாய்க்குப் பெரும்பாலும் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. பிஹெச் 3க்குப் பக்கம், உப்பு 12 சதவீதத்துக்கு மேல். இந்த இரண்டும் சரியாக இருந்தால் எந்தப் பொடியும் வேண்டாம். உப்புநீரில் போடும் ஊறுகாய்க்கு விதி கேட்பதும் குறைந்தது 12 சதவீத உப்புதான். எலுமிச்சைச் சாற்றில் போட்டால் சிட்ரிக் அமிலமாக 1.2 சதவீதப் புளிப்பு வேண்டும். "பிபி உள்ளவர்களுக்காக உப்பு குறைச்சல்" என்று போடுகிறபோதுதான் பென்சோயேட் கைகொடுக்கும்: 10 கிலோவுக்கு 2.5 கிராம் பொடி, சுமார் 210 பிபிஎம். கரைசலாக 25 மில்லி, மசாலாவும் எண்ணெயும் சேர்ப்பதற்கு முன் உப்புநீரில் கலந்துவிட வேண்டும். எண்ணெயில் போட்டால் பயனில்லை. உண்மையில் பென்சாயிக் அமிலத்தில் ஒரு பங்கு தானாகவே எண்ணெய்க்குள் போய்விடும், ஈஸ்ட் வளர்வதோ தண்ணீர்ப் பகுதியில். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயில் பென்சோயேட் ஏமாற்றுவது இதனால்தான்.

மாவடு ஜாடியில் மேலே வெள்ளை ஆடை படர்ந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட். வடு உப்புநீருக்கு மேலே தலை நீட்டியிருக்கும். ஆடையை எடுத்துவிட்டு, நீரில் உப்பின் அளவைச் சரிசெய்து, கனம் வைத்து அமுக்குங்கள்.

பூண்டு, இஞ்சி, வெங்காயத் தொக்கு வேறு கதை. இவற்றுக்குத் தானாகப் புளிப்பு கிடையாது. பிஹெச் 4.6க்கு மேல் எண்ணெய்க்கு அடியில் காற்றில்லாமல் கிடந்தால் போட்டுலினம் நச்சு உருவாக வாய்ப்புண்டு. நாற்றமோ நுரையோ காட்டாது. பென்சோயேட் இதைத் தடுக்கும் என்று நம்பவே கூடாது. புளியோ வினிகரோ சேர்த்து, அரைத்த விழுதில் பிஹெச் 4க்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே பாட்டிலில் அடையுங்கள்.

மறந்துபோகிற ஒன்று: கடையில் வாங்கிச் சேர்க்கும் இஞ்சி பூண்டு விழுது, புளி பேஸ்ட், தக்காளி கூழ் ஆகியவற்றில் ஏற்கெனவே பதப்பொருள் இருக்கலாம். பின்பக்கச் சிறு எழுத்தில் 211, 202 (பொட்டாசியம் சார்பேட்), 224 இருக்கிறதா பாருங்கள். அதுவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

மூடி உப்பி, திறந்ததும் நுரை வந்தால் ஈஸ்ட். பிரிக்ஸும் பிஹெச்சும் பாருங்கள், இரண்டில் ஒன்று தவறியிருக்கும். அடியில் படிகம் இருந்தால் ஒன்றை எடுத்து வாயில் வையுங்கள். கல்கண்டு மாதிரி இனித்தால் சர்க்கரை அதிகம் வற்றியிருக்கிறது. மெல்லிய பளபளப்பான ஊசி, இனிப்பில்லாமல் தொண்டையைச் சுரண்டினால் பென்சாயிக் அமிலம். சேர்த்த வரிசையோ அளவோ தப்பு. மொத்தச் சிரப்பும் தொண்டையைக் காந்தினால் அளவு மிஞ்சியிருக்கிறது. அந்தப் பேட்சைப் பதப்பொருள் போடாத புதுச் சிரப்போடு கலந்து, எடை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் மீட்க முடியும்.

லேபிளும் ஆய்வும்

பொருட்களின் பட்டியலில் "பதப்பொருள் (ஐஎன்எஸ் 211)" என்று வகைப்பெயரும் எண்ணும் வர வேண்டும். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் கூடுதலாக இருக்கலாம், தமிழ் மட்டும் போதாது. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சைவக் குறி எல்லாம் அதோடு சேர்த்தி. "வீட்டுத் தயாரிப்பு, கெமிக்கல் இல்லை" என்று முன்னால் அச்சடித்துவிட்டுப் பின்னால் 211 போடுவது தவறான முத்திரை. அதற்கு 52ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். தரக்குறைவுக்கு 51ஆம் பிரிவில் 5 லட்சம் வரை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் நான்கு பகுதியாகப் பிரித்து சீல் வைப்பார். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலர் (மாவட்ட அளவிலான மேலதிகாரி) பொறுப்பில். நான்காவதை, நீங்கள் கேட்டால் மட்டும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்த உரிமையை அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஒப்புக்கொள்ள முடியாததாக இருந்தால், கையில் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அப்போது கைகொடுப்பது பேட்ச் நோட்டு. தேதி, மொத்த எடை, பொடியின் எடை, பிரிக்ஸ், பிஹெச், பொடி பாக்கெட்டின் பேட்ச் எண் என்று பேட்சுக்கு ஒரு வரி போதும். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஒரு பாட்டிலை விற்காமல் நிழலில் எடுத்து வைத்து, அதன் காலாவதி முடியும்வரை திறக்காதீர்கள்.